தெருவில் நிற்பது

பிப்ரவரி, இரண்டாம் செவ்வாய், இரவு ஏழரை.
டெல்ஃபினா ஒரோபேசாவின் சலவைக் கடைப் பின்னறையில்
பதினொரு மடக்கு நாற்காலிகள்,
ஓடி முடியாத ஒரு டிரையர்.
அதற்குள் யாருடைய கோட்டுப் பொத்தானோ
டக் டக்கென்று
ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே இருந்தது.

பஃபலோ நகரம், ஹாலெக் தெரு வணிகர் மன்றம்.
செயலாளர் நான்.
மூக்குக்கண்ணாடி விற்பவன்.
கையெழுத்து புரிகிறது என்பதற்காகத்
தேர்ந்தெடுத்தார்கள்.

நகரத் திட்ட அலுவலகத்தின் வரைபடம்
நான்கு மூலையிலும் சோப்புத்தூள் டப்பா சுமந்து
மேசையில் கிடந்தது.
வடக்கு ஓரத்தில் பத்தொன்பது கார் நிறுத்துமிடம் போகும்,
நடைபாதை ஆறடி அகலமாகும்,
பஸ் நிறுத்தத்துக்குக் கண்ணாடிக் கூரை,
நாலு மரம், பெயர் லத்தீனில்.

பூட்டுக்கடை காசிமிர் வோய்டாக் எழுந்தார்.
"கார் நிற்க இடமில்லையென்றால்
நாம்தான் தெருவில் நிற்போம்."
கைதட்டல். நானும் தட்டினேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
கவலை தெரிவிக்கப்பட்டது.

மளிகைக்கடை நாவ் மூ ஷீ
மூன்று கூட்டமாக வாய் திறக்காதவர்.
"நின்றுதான் பார்ப்போமே," என்றார்.
"ஒரு வாரம். யார் எப்படி வருகிறார்கள் என்று
எண்ணிப் பார்ப்போம்."

நின்றோம்.
ஹாக்கி அரங்கில் இரவல் வாங்கிய எண்ணும் பொறிகளோடு
ஆளுக்கு இரண்டு மணி நேரம்.
ஏரிக்காற்று காதை அறுத்தது.
கையுறையைக் கழற்றினால்தான் பொத்தான் அமுங்கும்;
ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும்
ஒரு விரல் நுனி விறைத்தது.
என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர்
பஸ்ஸில் வருகிறார்கள் என்று
பதினேழு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை விடியலில் பனி கொட்டியது.
அதுதான் உண்மையைச் சொன்னது.
மாலைவரை கூரையில் பனி கலையாமல்
அசையாது நின்ற கார்கள் பன்னிரண்டு.
எண் பலகையைத் துடைத்துத் துடைத்துப் படித்தோம்.
காசிமிரின் வேன்.
டெல்ஃபினாவின் மகனுடையது.
பேக்கரிக்காரருடையவை இரண்டு.
ஊரார் பார்வையைத் திருத்துகிறவனின்
சாம்பல் நிற சுபாரு.
வாடிக்கையாளருக்கென்று நாங்கள் போராடிய இடத்தில்
கையும் காருமாகப் பிடிபட்டோம்.

அடுத்த கூட்டத்தில் டிரையர் ஓடவில்லை.
ஆதரவு ஆறு, எதிர்ப்பு நாலு,
நடுநிலை ஒன்று.
நிபந்தனைகள்: காலை ஒன்பதுவரை சரக்கு இறக்க இடம்,
டிசம்பரில் தோண்டக் கூடாது,
தோண்டும் மாதங்களுக்குச் சிறுகடைகளுக்குக் கடன்.
"கணக்கு சரி," என்றார் காசிமிர்,
"எனக்குப் பிடிக்கவில்லை."
அதை அப்படியே பதிவு செய்தேன்.

டிசம்பரிலும் தோண்டினார்கள்.
கடன் வந்தது, ஏப்ரலில்.
பிப்ரவரியிலேயே வில்ஃப்ரெடோ
தன் செருப்புக்கடைக் கதவில்
நன்றி என்று அட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார்.
மன்றம் அவருக்குக் கொடுத்தது ஒரு மாத வாடகை.
குறிப்பேட்டில்: உறுப்பினர் பத்து.
டெல்ஃபினா இன்னும்
பதினொரு நாற்காலிதான் விரிக்கிறார்.

இப்போது கூரையின் கீழ் ஜனம் நிற்கிறது.
நாலு மரத்தில் மூன்று பிழைத்தது.
காசிமிர் வேனைப் பக்கத்துத் தெருவில் விட்டு
மூன்று நிமிடம் முணுமுணுத்தபடி நடந்து வருகிறார்.
வரும் வழியில் ரொட்டி,
நாவ் மூ ஷீயிடம் வெங்காயம்.
விற்பனை கூடியிருக்கிறது, எனக்கும்.

நேற்று எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை வந்தது.
தெரு அழகாகிவிட்டதாம்;
கட்டட உரிமையாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.
அடுத்த கூட்டத்தின் பொருள்
ஒரே சொல்: வாடகை.

எண்ணும் பொறிகளை
நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.